அம்மா தந்த பத்தாவது எடுத்துக்காட்டு

எட்டாம் வகுப்புக்குப் போன ஆனி மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் என் எதிரில் வாயைத் திறக்கப் பயந்தார்கள். காரணம் அணியிலக்கணம். தமிழ் டீச்சர் அந்தப் பாடத்தை முடித்த கையோடு, அணிகள் புத்தகத்தில் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள், உங்கள் வீட்டிலேயே கொட்டிக் கிடக்கின்றன, ஆளுக்குப் பத்து பொறுக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டார்கள். நான் அதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டு, யார் சொன்னது, என்ன சொன்னது, என்ன அணி என்று தலைப்பெழுதி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தேன்.

தென்காசியில் பெரிய கோயில் ரத வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகனான அண்ணன், அம்மா, நான் என்று ஐந்து பேர். அப்பா ராணுவத்தில் இருந்தார். வடக்கே பனி விழுகிற ஏதோ ஒரு எல்லையில், பெயரைச் சொல்லக் கூடாத இடத்தில் இருப்பதாகப் பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவைப் போல எனக்கு உதவியவர்கள் யாருமில்லை. காலையில் பால்காரரைப் பார்த்து, "என்னா கெட்டிப் பால் அண்ணாச்சி, டம்ளருக்கு அடி தெரியுதே" என்பார். புகழ்வதுபோல ஏசுவது, ஆகவே வஞ்சப்புகழ்ச்சி. பிறகு மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்ப்பார். மேகம் மூடியிருந்தால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று எங்கள் ஊரில் கணக்கு. "மலை இன்னும் போர்வைய எடுக்கல. சாரல் நாள்ல அதுக்கு எந்திரிக்க மனசில்ல. நமக்குத்தான் எந்திரிச்சி ஆபீஸ் போவணும்னு தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். இயற்கையாக நடப்பதற்கு நாமாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்ற அணி. மாடிப்படியிலேயே நின்று எழுதிக்கொண்டேன். வீட்டுக்குத் தாமதமாக வரும் அண்ணனைப் பெரியம்மா, "வாங்க தொர, கலெக்டர் ஆபீஸ்ல வேல கூடுதலோ" என்று கேட்டால், அவன் பதில் சொல்வதற்கு முன் நான் அணியைச் சொல்லிவிடுவேன். இரண்டு முறை அவன் என் தலையில் குட்டினான். அதற்கு அணி எதுவும் இல்லை.

அம்மா தந்ததெல்லாம் ஒரே வகை. "ஒரு மல பாத்திரம் கெடக்கு." "நூறு மட்டம் சொல்லியாச்சி." "நீ தலைய வாரி முடிக்குதுக்குள்ள எனக்கு நர விழுந்திரும்." உள்ளதைக் கூட்டிப் பெருக்கிச் சொல்கிற உயர்வு நவிற்சி அணி. நானும் விடாமல் அவளைத் திருத்துவேன். பாத்திரத்தை எண்ணிப் பார்த்து, பதினேழுதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அம்மா அந்தப் பதினேழையும் என்னிடமே தேய்க்கக் கொடுத்தாள்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு அணி இருந்தது. உள்ளதை உள்ளபடியே சொல்கிற இயல்பு நவிற்சி அணி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்றால் அதை எதற்கு அணி என்று சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று வகுப்பில் எழுந்து கேட்டேன். சொன்ன விஷயம் நடக்கக் கூடியதா, நடக்க முடியாததா என்று பார், முடியாததென்றால் உயர்வு நவிற்சி என்றார் டீச்சர். கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் மாசியில், எனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போவதாகப் பெரியம்மா என் காதில் சொன்னாள். பங்குனியில் அம்மா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்தபோது பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது இல்லன்னு ஆயிட்டு. அம்மாட்ட போயி என்ன ஏதுன்னு கேக்காத, என்ன?" என்றாள். நான் கேட்கவில்லை. வீட்டில் வேறு யாரும் அதைப் பேசவும் இல்லை. அம்மா பத்து நாளில் எழுந்து வழக்கம்போலச் சமைக்க ஆரம்பித்தாள். பேச்சில்லாமல் போனதால் நான் அதைச் சீக்கிரமே மறந்தும் போனேன். பன்னிரண்டு வயதில் அப்படி மறக்க முடிந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் கோபமாக வருகிறது.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. போனை ஹாலில் மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள். எல்லையிலிருந்து வருகிற குரலை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது பெரியப்பாவின் ஏற்பாடு. முதலில் பெரியப்பா பேசுவார், அதாவது வயல், மழை, அங்குள்ள குளிர், ஊரில் செத்தவர்கள். அடுத்து பெரியம்மா. அடுத்து அண்ணன், அவனுக்கு அடுத்து நான். அம்மாவின் முறை வரும்போது அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிற மற்ற ஜவான்கள் அப்பாவை அவசரப்படுத்திக்கொண்டிருப்பார்கள். "நல்லா இருக்கேன். சாப்பிட்டீங்களா? உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று மேஜையைப் பார்த்து அம்மா சொல்வாள். கணவரின் அண்ணன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவளால் வேறென்ன பேச முடியும் என்று அப்போது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. பங்குனியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமும் அவள் அதே வாக்கியங்களைத்தான் சொன்னாள்.

அந்த ஆனியில் ஒரு வியாழக்கிழமை, எனக்கு ஏதோ உள்ளூர் விடுமுறை. கீழப்பாவூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் போயிருந்தார்கள். அண்ணன் கல்லூரியில். நோட்டில் ஒன்பது எடுத்துக்காட்டு சேர்ந்திருந்தது, பத்தாவதுக்காக நான் அடுப்பங்கரையிலேயே அம்மாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு போன் அடித்தது. அப்பா. அன்றைக்கு ஏதோ வேலையாகக் கீழே முகாமுக்கு இறங்கி வந்திருந்தாராம்.

அம்மா எங்களைத் தவிர வீட்டில் யாரும் இல்லை என்பதைச் சொன்னாள். பிறகு ஸ்பீக்கர் போடாமல் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, கொல்லைப்புறத்துத் துவைகல்லில் போய் உட்கார்ந்தாள். நானும் நோட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் இருந்ததைக் கவனித்தாளா என்பதே சந்தேகம்.

"மூணு மாசமா பொட்டுத் தூக்கம் இல்லங்க" என்றாள். "கண்ண மூடுனா அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வருது. இங்கன யார்ட்ட சொல்ல? ஒரு பத்து நாள் வந்துட்டுப் போங்க. சாரல் ஆரம்பிச்சிட்டு. உங்ககூட ஒரு நாள் அருவில நின்னுட்டு வந்தா போதும், எனக்குத் தூக்கம் வந்திரும்."

குரல் ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் நான் குரலைக் கேட்கவில்லை. முதல் வாக்கியம் காதில் விழுந்ததுமே பென்சிலை எடுத்துவிட்டேன். மூன்று மாதம் ஒரு மனுஷி தூங்காமல் இருக்க முடியுமா? முடியாது. அறிவியல் டீச்சரைக் கேட்டாலும் முடியாதென்றுதான் சொல்வார். யார் சொன்னது: அம்மா. என்ன அணி: உயர்வு நவிற்சி. பத்து முடிந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் காஸ் சிலிண்டர் வந்து நின்றது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ள பேசுவா, இந்தா வாரேன்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அப்பா மெதுவாக, "ஏ பிள்ள, உள்ளதச் சொல்லணும். அம்மா தூங்குதாளா இல்லியா?" என்று கேட்டார்.

எனக்கு இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது. "அது உயர்வு நவிற்சி அணிப்பா" என்றேன். "உள்ளதக் கூட்டிச் சொல்லுதது. அம்மா எல்லாத்தையும் அப்பிடித்தான் சொல்லுவா. பதினேழு பாத்திரத்த ஒரு மலைன்னு சொன்னா. மூணு மாசம் யாராவது தூங்காம இருக்க முடியுமாப்பா? செத்துல்லா போவாங்க."

"நீ பாத்தியா, அவ தூங்குதத?"

"நான் எப்ப முழிச்சிப் பாத்தாலும் கண்ண மூடித்தான் படுத்திருக்கா."

இது சத்தியமான உண்மை. நான் புரண்டு படுத்தால் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருப்பாள், என்மேல் கையைப் போட்டுத் தட்டிக்கொடுப்பாள். தூங்குகிறவள் எப்படித் தட்டிக்கொடுக்க முடியும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இல்லை.

அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் போனில் கேட்டதே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்திருந்த ஒருவர் விட்டதுபோல நீளமாகச் சிரித்தார். "அணின்னா சொன்ன? சரிதான் டீச்சரம்மா. பத்துக்குப் பத்தும் வாங்கணும்" என்றார். பிறகு, அடுத்த மாதம் தங்கள் படைப்பிரிவில் ஒருவருக்குத்தான் லீவு கொடுப்பார்கள் என்றும், தானும் மதுரைப் பக்கத்து ஆள் ஒருவரும் கேட்டிருப்பதாகவும், அந்த மதுரைக்காரரின் தங்கைக்குக் கல்யாணம் என்றும் சொன்னார். என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலப் பேசியது எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா திரும்பி வந்து போனை வாங்கியபோது, "பாப்போம், பாப்போம்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அன்று மத்தியானமே அம்மா பீரோவைத் திறந்து, அப்பாவின் வேட்டிகளை எடுத்து உதறி வெயிலில் போட்டாள். மறுநாள் பெரியம்மாவிடம், நல்லெண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும் என்றாள். அப்பா சாரலுக்கு வருகிற வருஷங்களில் நடப்பது எங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் இருவரும் தலையில் எண்ணெய் வழிய முதல் பஸ் ஏறிக் குற்றாலம் போவார்கள். பேரருவியில் ஆண்கள் பக்கம் அப்பா, பெண்கள் பக்கம் அம்மா. நடுவில் கம்பித் தடுப்பு. கூட்டம் சேருவதற்கு முன் ஆசைதீர நின்றுவிட்டு, கண்கள் சிவந்து, பல் கிட்டியபடி வெளியே வந்து ஒரே கடையில் சூடாக இட்லி சாப்பிடுவார்கள். வரும்போது எனக்கு மங்குஸ்தான் பழம் வரும். அருவியில் குளித்த உடம்புக்கு மத்தியானம் வருகிற தூக்கம் அடித்துப் போட்டதுபோல இருக்கும், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். அந்த நாட்களில் அம்மா கூந்தலை விரித்துப் போட்டபடி பாயில் கிடந்து, சாயங்கால விளக்கு வைக்கிற நேரம் வரை தூங்குவாள். வேறு எந்த நாளிலும் அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் மேஜைமேல் இருந்தது. சாரலுக்கு வர முடியாது, மதுரைக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன், தையில் வருகிறேன் என்று அப்பா எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். கல்யாண காரியம், செய்ததுதான் சரி என்றார் பெரியப்பா. அம்மாவின் முறை வந்தது. "சரிங்க" என்றாள். பிறகு, "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்றாள். வேட்டிகள் மறுபடி பீரோவுக்குள் போயின.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் நோட்டைத் திருத்திக்கொண்டே வந்து பத்தாவதில் நிறுத்தினார். "இத யாரு சொன்னா?" என்றார். அம்மா என்றேன். "அம்மாவுக்கு உடம்பு எப்பிடி இருக்கு?" நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, இதை எடுத்துவிட்டு வேறொன்று எழுதிக்கொண்டு வா என்றார். விடை தப்பா என்று கேட்டேன். தப்பென்று சொல்லவில்லை, வேறு எழுது என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனாலும் அண்ணன் சோற்றைப் பார்த்துச் சொன்ன ஏதோ ஒன்றை எழுதிப் பத்தும் வாங்கிவிட்டேன். அம்மாவின் வாக்கியத்தை அழிரப்பரால் அழித்தது நான்தான்.

அந்த வருஷம் சாரல் கொட்டித் தீர்த்தது. ஆனியில் பிடித்தது ஆவணி வரை விடவில்லை. தெருவில் நடந்தாலே முகத்தில் பூவாளியில் தெளித்ததுபோல விழுந்துகொண்டிருந்தது. எந்தெந்த ஊரிலிருந்தோ வேன் வேனாக வந்து குளித்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா எங்களை அழைத்துக்கொண்டு ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் போனாள். ஒவ்வொரு முறையும் அம்மா, "எனக்குத் தலையில நீர் கோத்திருக்குக்கா, நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். திரும்பி வரும்போது வாசலில் நிற்பாள். எங்கள் ஈரத்துணிகளை வாங்கிப் பிழிந்து காயப்போடும்போது, அந்தத் துணியை ஒரு நொடி முகத்தில் வைத்துக்கொள்வாள். அது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்பா இப்போது ஓய்வுபெற்று வீட்டில்தான் இருக்கிறார். சாரல் வந்தால் இருவரும் போகிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, அருவியின் ஓரத்தில் நின்று கையால் அள்ளித் தலையில் விட்டுக்கொள்கிறாளாம். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஆனி பிறந்தால் மனம் வேலையில் நிற்பதில்லை, தினமும் போன் செய்து தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிறேன். அந்த வியாழக்கிழமையைப் பற்றி அம்மாவிடம் மூன்று முறை பேச்செடுத்துப் பார்த்தேன். "என்னத்தச் சொன்னேனோ, யாருக்கு ஓர்ம இருக்கு" என்று பேச்சை மாற்றிவிட்டாள். எனக்கு வேறு எந்த வருஷமும் திரும்பி வர வேண்டாம். அந்த ஒரு சாரலை மட்டும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவேன்.

சொன்னபடி அந்தத் தையில் அப்பா வந்தார். பொங்கல் முடிந்து, சபரிமலைக்குப் போகிற சாமிமார்களின் கூட்டமும் வடிந்தபின் ஒரு காலையில் நாங்கள் மூவரும் குற்றாலம் போனோம். பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. பேரருவியில் பாறைதான் தெரிந்தது. ஓரத்தில் ஒரு வாளியைச் சாய்த்து ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆள் இல்லை. அம்மா எண்ணெய் வைத்த தலையோடு அந்தத் தண்ணீருக்கு அடியில் போய் நின்றாள். பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தலை முழுவதும் நனையவே கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

வெளியே வந்து சிப்ஸ் பொரிக்கிற கடை ஓரம் உட்கார்ந்தோம். அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். சூடான நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை என்னிடம் நீட்டிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு நீ போன்ல சொன்னதக் கேட்டு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல பாத்துக்க. எப்பிடியாது வந்திரணும்னு இருந்தேன். நம்ம பிள்ளதான், அம்மா சும்மா கூட்டிச் சொல்லுதா, அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு வெளக்கிச் சொன்னா. அதுக்குப் பொறவுதான் எனக்கு உசுரு வந்துச்சி."

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அணியின் பெயரைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்து, சொல்லத் தயாராக வாயிலிருந்த சிப்ஸை அவசரமாக விழுங்கினேன். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். அவளுடைய பதிலில் ஏதோ ஒன்று அவருக்குத் தேவையாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அவர் சிரிப்பு முடிந்த பிறகும் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா" என்றாள் அம்மா. "அவ சொன்னது சரிதான். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிருப்பேன்."

அப்பா மறுபடி சிரித்தார். அம்மா என்னைக் கிட்டே இழுத்து, தன் துண்டால் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். என் தலை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. "நல்லாத்தான் படிக்கா" என்று என் தலைக்கு மேலே அவள் குரல் கேட்டது.

அந்த ஒரு வார்த்தையால் அவள் அப்பாவையும் என்னையும் ஒருசேரக் காப்பாற்றினாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. என் விடை சரி என்று அம்மாவே ஒப்புக்கொண்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, இலஞ்சி தாண்டும் வரை மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அப்பாவுக்கு மீதி அணிகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தேன்.